தீபாவளிக்கு முந்தின வாரம் நாயை சலூனுக்கு அனுப்ப வேண்டாம்

கோயில் தொண்டர் குழுவிலிருந்து எழுதுறோம்.

வழக்கமா இந்தப் பக்கத்துல அன்னதானம், உபயம், கார் நிறுத்துற இடம்னுதான் எழுதுவோம். இன்னைக்கு நாய் பத்தி. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

எதுக்கு இப்போன்னா, நம்ம கோயில் வாட்சப் குரூப்புல முறுக்கு ஓடருக்கும் சேலை விற்பனைக்கும் நடுவுல ஒரு கேள்வி ஓடிக்கிட்டிருக்கு. "எந்த சலூன்ல நாய்க்கு இடம் இருக்கு? தீபாவளிக்கு முன்னாடி முடி வெட்டணும்." வருஷா வருஷம் இதே நேரத்துல இதே கேள்விதான். வீட்டுக்கு ஆள் வரும், திரைச்சீலை மாத்தியாச்சு, சுவருக்கு சாயம் அடிச்சாச்சு, நாயும் பளபளன்னு இருக்கணும்னு ஆசைப்படுறது நியாயம்தான். ஆனா எங்க கருத்தை நேராவே சொல்லிடுறோம். தீபாவளிக்கு முந்தின அந்த ஒரு வாரத்துல நாயை சலூனுக்கு அனுப்பாதீங்க. மூணு வாரம் முன்னாடி அனுப்புங்க, இல்லன்னா பண்டிகை முடிஞ்சு அனுப்புங்க.

நாய்க்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறவங்க, தேய்பிறை அஷ்டமி அன்னைக்கு பைரவர் சன்னதியில வரிசையில நின்னு, அவர் பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு ஒரு தடவை பாருங்க. நம்ம கோயிலுக்கு வர்ற நேப்பாளத் தம்பிகள் (பக்கத்துத் தொழிற்சாலையில காவலாளிகளா இருக்கிறவங்க) ஊர்ல இதே தீபாவளி சமயத்துல நாய்க்குன்னே ஒரு நாள் ஒதுக்கி, மாலை போட்டு, நெத்தியில திலகம் வைப்பாங்களாம். நம்ம ஆளுங்க அதே சமயத்துல நாயைக் கூண்டுல விட்டுட்டு ஷாப்பிங் போறோம்.

சரி, விஷயத்துக்கு வர்றோம். சலூன்ல அந்த வாரம் என்ன நடக்குது?

ஷீ சூ மாதிரி முடி நீளமான சின்ன நாய் ஒண்ணை ஒழுங்கா செய்யணும்னா இரண்டு மூணு மணி நேரம் ஆகும். சிக்கெடுக்கணும், குளிப்பாட்டணும், காய வைக்கணும், வெட்டணும், நகம், காது எல்லாம் பார்க்கணும். ஒரு கடையில வேலை தெரிஞ்சவங்க ரெண்டு பேர்தான் இருப்பாங்க. பண்டிகை நேரத்துல தவுக்கே வர்ற ஓடரை எல்லாம் எடுத்துக்கிறார். நாய் ரெண்டு மடங்கு ஆகுது, ஆள் அதே ரெண்டு பேர். அப்போ நேரத்தை எங்க மிச்சம் பிடிக்கிறது? குளிப்பாட்டுறதை விட முடியாது. வெட்டுறதை விட முடியாது, அதைத்தான் வந்து பார்ப்பீங்க. மிச்சம் பிடிக்க வசதியான இடம் காய வைக்கிறதுதான். கையில டிரையரைப் பிடிச்சு காய வைக்க ஒரு ஆள் முழுசா நிக்கணும். கூண்டு முன்னால டிரையரை மாட்டி விட்டா ஆளே தேவையில்ல, அந்த ஆள் அடுத்த நாய்க்குப் போயிடலாம்.

இங்கதான் உயிர் போகுது.

நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும். நாய்க்கு அப்படி இல்ல. பாதத்துல மட்டும் கொஞ்சம் வேர்க்கும், அது எதுக்கும் பத்தாது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் அது சூட்டைத் தணிக்குது. நாக்குல, வாயில இருக்கிற ஈரம் காயும்போது சூடு குறையும். இப்போ ஈர நாயை ஒரு கூண்டுக்குள்ள விட்டு சூடான காத்தை அடிச்சா உள்ள என்ன ஆகும்? நனைஞ்ச முடியிலிருந்து கிளம்புற ஆவி அங்கேயே நிக்கும். காத்து சூடு, அதோட ஈரம். எவ்வளவு மூச்சு வாங்கினாலும் சூடு இறங்காது. நாயோட உடம்புச் சூடு சாதாரணமா 38லிருந்து 39 டிகிரி இருக்கும். 41ஐத் தாண்டினா மூளை, சிறுநீரகம், குடல் எல்லாம் கெட ஆரம்பிச்சிடும். மூக்கு சப்பையா இருக்கிற ஷீ சூ, பக், பிரெஞ்ச் புல்டாக், பெக்கிங்கீஸ் இதுங்களுக்கு சாதாரண நாள்லயே மூச்சு சிரமம். நம்ம வீடுகள்ல அதிகம் இருக்கிறது இந்த ஜாதிகள்தான்.

நம்ம கோயில்ல வெள்ளிக்கிழமை பூ கட்ட வர்ற ஒரு அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறோம். பேரு வேண்டாம்னு சொன்னாங்க. அவங்க வீட்டு ரோஸிக்கு ஒன்பது வயசு, ஷீ சூ. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது காலையில ஒன்பது மணிக்குக் கொண்டு போய் விட்டாங்க. ஒரு மணிக்கு எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. ஒரு மணிக்குக் கூப்பிட்டா "இன்னும் காயல, கொஞ்சம் லேட்டாகும்." மூணு மணிக்கும் அதே பதில். நாலரைக்கு அக்கா நேரா போயிட்டாங்க. "தூங்குதுக்கா"ன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போனாங்களாம். ரோஸி கூண்டுக்குள்ள சாஞ்சு கிடந்திருக்கு, நாக்கு நிறம் மாறி. கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. சூட்டு அதிர்ச்சின்னு டாக்டர் சொன்னார். ராத்திரி தாண்டல.

கடையில சொன்னது: "வயசான நாய், இருதயக் கோளாறா இருக்கும்." காலையில அக்கா ஒரு பாரத்துல கையெழுத்து வேற போட்டிருந்தாங்க. என்ன எழுதியிருந்துச்சுன்னு படிக்கல. கவுண்டர்ல நீட்டினா யார்தான் படிக்கிறாங்க.

அந்தக் கடையில அன்னைக்கு இருந்தது ஒரே ஒரு சின்னப் பையன், கூட பத்து நாய் பக்கம். மத்தியானம் அவன் சாப்பிடக்கூட இல்லையாம். இதை அக்காவே சொன்னாங்க. அவன்மேல அவங்களுக்குக் கோபம் இல்ல. எங்களுக்கும் இல்ல. நாயைப் பிடிக்காதவன் இந்த வேலைக்கு வரமாட்டான். ஒரு நாளைக்கு இத்தனை நாய்தான்னு முடிவு பண்ண வேண்டியது முதலாளி. "எப்படியாவது ஒரு இடம் போட்டுக் கொடுங்க போஸ்"னு கெஞ்சுறது நம்ம ஆளுங்க. ரெண்டும் சேர்ந்துதான் அந்தப் பையனைத் தனியா விடுது.

சூட்டுக்கு அடுத்தது மேசை. முடி வெட்டுற மேசையில ஒரு கம்பி நிக்கும், அதுல ஒரு சுருக்குக் கயிறு தொங்கும். நாய் ஆடாம நிக்க அதைக் கழுத்துல மாட்டுவாங்க. ஆள் பக்கத்துல இருக்கும்போது அது தப்பில்ல. "ஒரு நிமிஷம், போன் அடிக்குது"ன்னு நகர்ந்தா, அந்த நேரத்துல நாய் கீழ குதிச்சா, கயிறு தூக்குக் கயிறு ஆயிடும். சின்ன நாய்க்கு ஒரு நிமிஷமே அதிகம். மேசையில இருக்கிற நாயை விட்டு ஆள் நகரவே கூடாது. துண்டு எடுக்கணும்னாலும் நாயைக் கீழ இறக்கிட்டுத்தான் போகணும்.

அதனால சலூன் பார்க்கப் போறவங்க முதல் தடவை நாய் இல்லாம போங்க. விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி, "எங்க நாய் காயுற வரைக்கும் யார் பக்கத்துல இருப்பாங்க?"னு கேளுங்க. நல்ல கடைக்காரர் இதுக்குக் கோபப்படமாட்டார், ஆளைக் காட்டுவார். கூண்டு டிரையர் வச்சிருந்தா சூடு இல்லாத காத்துதானா, யார் பார்த்துக்கிட்டு இருப்பாங்க, எத்தனை நிமிஷம்னு கேளுங்க. சப்பை மூக்கு நாயா இருந்தா, வயசான நாயா இருந்தா, கூண்டு டிரையரே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுங்க. "சொந்தக்காரங்க பக்கத்துல நின்னா நாய் துள்ளும், கத்தி பட்டுடும்"னு சில கடையில சொல்வாங்க. அது உண்மைதான், நாங்க ஒத்துக்கிறோம். அதுக்குத்தான் கண்ணாடிச் சுவர், கேமரா எல்லாம் இருக்கு. ஆனா நாய் இல்லாம போன அன்னைக்கும் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க விடலன்னா, அந்தக் கடை வேண்டாம்.

தடுப்பூசி அட்டை கேட்கிற கடையைப் பார்த்தா நம்ம ஆளுங்களுக்கு எரிச்சல் வருது. அது நல்ல கடைங்க. பார்வோ, டிஸ்டெம்பர், நாய் இருமல் எல்லாம் இப்படி நாலு நாய் கூடுற இடத்துலதான் ஒட்டும். முடி வெட்டுற மெஷினை சுத்தம் பண்ணாம அடுத்த நாய்க்குப் போட்டா படையும் ஒட்டும். உண்ணி பத்தி சொல்லவே வேண்டாம். நம்ம நாட்டுல உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தம் குறைஞ்ச நாய் எத்தனையோ.

நாம சொல்ல வேண்டியதையும் மறைக்கக் கூடாது. நாய்க்கு வலிப்பு வந்திருந்தா, இருதய மருந்து சாப்பிட்டா, காதைத் தொட்டா கடிக்கும்னா, முதல்லயே சொல்லிடுங்க. கடிக்கும்னு சொன்னா எடுத்துக்கமாட்டாங்கன்னு பயந்து சிலர் சொல்றதில்ல. அப்புறம் அந்தப் பையன் கை போகும், பயத்துல நாயை அழுத்திப் பிடிப்பாங்க. இன்னொண்ணு, நாய் அடங்கி இருக்கணும்னு வீட்டுல இருக்கிற தூக்க மாத்திரையைப் பாதி உடைச்சுக் கொடுக்கிறவங்களும் இருக்காங்க. தயவு செஞ்சு வேண்டாம். மயக்க மருந்து மிருக டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது. சலூன்காரரும் கொடுக்கக் கூடாது, நாமளும் கொடுக்கக் கூடாது.

"ரொம்ப வெயில், மொட்டை அடிச்சு விடுங்க"ன்னு ஹஸ்கி, பொமரேனியன் வச்சிருக்கவங்க கேட்கிறதைப் பார்க்கிறோம். நேர்த்திக்கடன் நமக்குத்தான், பொமரேனியனுக்கு இல்ல. அதுங்களுக்கு உள்முடி, வெளிமுடின்னு ரெண்டு அடுக்கு. அந்த வெளிமுடிதான் வெயில் தோல்ல படாம காக்குது. ஒட்ட வழிச்சா சில நாய்க்கு முடி திரும்ப ஒழுங்கா வளராது. உதிர்ற உள்முடியைச் சீவி எடுத்தாலே போதும்.

ஷீ சூ, பூடில் கதை வேற. மாசக்கணக்கா சீவாம சடை விழுந்திருந்தா வழிக்கிறதுதான் அதுக்கு நல்லது. "முடியைக் காப்பாத்திக் கொடுங்க"ன்னு அடம் பிடிச்சா, அந்தச் சடையை இழுத்து இழுத்து எடுக்கும்போது நாய்க்கு உயிர் போகும். கத்திரியை விட்டா, சடையோட இழுபட்டு வந்த தோலும் சேர்ந்து வெட்டுப்படும். மெஷின் பிளேடு ஓட ஓட சூடாகும், தோல்ல சுட்டுடும். அதை நிறுத்தி நிறுத்தி ஆற விட்டுச் செய்யணும். அதுக்கும் நேரம் வேணும். மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வர்றோம்: அந்த வாரத்துல நேரம் இருக்காது.

முடி குட்டையா இருக்கிற நாய்க்கு, நம்ம கம்போங் நாய்க்கெல்லாம், சலூனே தேவையில்ல. வீட்டுல வெதுவெதுப்பான தண்ணி, நாய்க்குன்னு விக்கிற ஷாம்பு, காதுல தண்ணி போகாம பஞ்சு (அப்புறம் ஞாபகமா எடுத்துடுங்க), ஒரு பழைய துண்டு, ஒரு காத்தாடி. முடிஞ்சது.

சலூன்லிருந்து கூட்டிட்டு வந்த பிறகு நிறுத்தாம மூச்சு வாங்குது, எச்சில் கெட்டியா ஒழுகுது, ஈறு செக்கச் செவேல்னு இருக்கு, தள்ளாடுது, வாந்தி எடுக்குதுன்னா "பயந்து போச்சு, சரியாயிடும்"னு காத்திருக்காதீங்க. உடனே குழாய்த் தண்ணியை உடம்பு முழுக்க ஊத்தி, காத்தாடி முன்னால வைங்க. ஐஸ் கட்டி வேண்டாம். ஈரத் துண்டால மூடவும் வேண்டாம், அது சூட்டை உள்ளேயே பிடிச்சு வைக்கும். அப்புறம் காடியில ஏர்கோன் போட்டு நேரா கிளினிக். முதல்ல குளிர வைக்கிறது, அப்புறம்தான் வண்டி.

அந்தப் பாரம் பத்தி. "என்ன நடந்தாலும் கடை பொறுப்பில்ல"ன்னு கையெழுத்து வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. நம்ம நாட்டுல 2015 விலங்கு நலச் சட்டம் இருக்கு. விலங்கைக் கொடுமைப்படுத்தின குற்றத்துக்கு 20,000லிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், மூணு வருஷம் வரை சிறை, இல்ல ரெண்டும் சேர்த்து. எந்தப் பாரமும் அந்தச் சட்டத்தைத் தாண்டி நிக்காது. புகாரை கால்நடை சேவைத் துறைகிட்ட கொடுக்கலாம். காசு கட்டி வாங்கின சேவை மோசம்னா பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கு. 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் தேவையில்ல, 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீது, வாட்சப் மெசேஜ், டாக்டர் எழுதிக் கொடுத்தது எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கணும். அக்காகிட்ட டாக்டர் சீட்டு ஒண்ணுதான் இருந்துச்சு. அவங்க எங்கேயும் போகல. மனசு இல்லன்னு சொன்னாங்க, நாங்களும் அதுக்கு மேல கேட்கல.

ஏற்கெனவே அந்த வாரத்துக்கு புக் பண்ணியாச்சுன்னு சொல்றவங்க முதல்ல போன் போட்டு தேதியை மாத்தப் பாருங்க. முடியவே முடியாதுன்னா காலையில கடை திறந்ததும் முதல் நாயா உங்க நாய் இருக்கணும்னு கேளுங்க. விட்டுட்டு ஷாப்பிங் போகாம பக்கத்துக் கடையில ஒரு தேத்தண்ணி குடிச்சுட்டுக் காத்திருங்க. "இன்னும் காயல"ன்னு சொன்னா, பரவாயில்ல, ஈரத்தோடயே கொடுங்கன்னு வாங்கிட்டு வந்துடுங்க. மீதியை வீட்டுக் காத்தாடி காய வைக்கும்.