எட்டுப் பேர் கூடாரம்

வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த நம் போன்ற குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றே பொருள். ஆண்டுக்கொரு முறை நெடுந்தூர வண்டியேறிச் சென்று திரும்புவதோடு நமது பயண ஆசை தீர்ந்துவிடுகிறது. இடையில் கிடைக்கும் இரண்டு நாள் ஓய்வில், நாம் வாழும் மராட்டிய மண்ணின் மலைகளையும் ஏரிகளையும் குடும்பத்தோடு கண்டுவரக் கூடாரம் ஒரு நல்ல சாதனம். ஆயினும், ‘குடும்பக் கூடாரம்’ என்று விற்கப்படும் பெரிய கூடாரங்கள் உண்மையில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை அறிந்தபின் பணம் செலவிடுதல் நலம். 2025 டிசம்பரில் பவனா ஏரிக்கரையில் இரண்டு இரவுகள் தங்கி அறிந்தவற்றை நேயர்களுக்கு இம்மாதம் தெரிவிக்கிறேன்.

பவனா ஏரி, அதே பெயருடைய ஆற்றின் குறுக்கே அணை கட்டித் தேக்கிய நீர்ப்பரப்பு. புனே - லோணாவளா மார்க்கத்தில் காம்ஷெட் நிலையத்தில் இறங்கி வாடகை வண்டியில் செல்லலாம். துங், திகோனா, லோஹகட் முதலிய கோட்டைகள் சுற்றிலும் நிற்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ தனது உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளுள் லோஹகட் ஒன்று. நமது செஞ்சி மற்றொன்று. இதைக் குழந்தைகளுக்குச் சொன்னால் அந்த மலை அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

நாங்கள் அறுவர்: என் அன்னையார், மனைவி, குழந்தைகள் இருவர், மைத்துனர், நான். வாடகைக்கு எடுத்த கூடாரத்தின் பையில் ‘8 பேர்’ என்று அச்சிட்டிருந்தது. நீளம் 14 அடி, அகலம் 10 அடி. எட்டுப் பேரை வரிசையாகப் படுக்க வைத்தால் ஒருவருக்குக் கிடைப்பது 21 அங்குலம். ரயில் படுக்கையின் அகலங்கூட அன்று. பெட்டி படுக்கை வைக்கவும் இடம் வேண்டுமல்லவா? ஆகவே பையிலுள்ள எண்ணில் இரண்டு மூன்றைக் கழித்துக்கொள்வதே சரியான கணக்கு.

பெரிய கூடாரத்தின் முதற் சிறப்பு அதன் உயரம். நடுவில் ஆறடிக்கு மேல் இருந்தபடியால், முழங்கால் வலியுள்ள என் அன்னையார் குனியாமல் உள்ளே வந்து, நின்றபடியே புடைவை மாற்றிக்கொள்ள முடிந்தது. சிறிய கூடாரமாயின் தவழ்ந்தல்லவோ நுழைய வேண்டும்! நடுவில் ஒரு திரை இருந்ததால் பெண்டிர் ஒரு புறமும் ஆடவர் மறுபுறமும் சங்கடமின்றி உறங்கினோம். வயோதிகரை அழைத்துச் செல்வோருக்கு இவ்விரு சௌகரியங்களுக்காகவே பெரிய கூடாரம் தகும்.

எடை ஏறத்தாழ 14 கிலோ. விரைவு வண்டியில் ஸ்லீப்பர் வகுப்புப் பயணி கட்டணமின்றி 40 கிலோ வரை கொண்டு செல்லலாமாதலால் ரயிலில் இடையூறில்லை. ஆனால் தோளில் சுமந்து மலையேற இது உதவாது. வண்டி செல்லும் இடத்துக்கே ஏற்றது.

இனிக் காற்றைப் பற்றி. பெரிய கூடாரத்தின் பக்கச்சுவர் ஒரு பாய்மரம் போன்றது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். எனவே அகலம் குறைந்த பக்கத்தைக் காற்றுவரும் திசைக்குக் காட்டி நிறுத்த வேண்டும். முளைகளைத் தலை வெளிப்புறம் சாய்ந்திருக்குமாறு அடிக்க வேண்டும். கயிறு இழுக்க இழுக்க மண் அவற்றைப் பற்றிக்கொள்ளும். மாலையில் காற்று அமைதியாயிருப்பதைக் கண்டு கயிறு கட்டாமல் விடுவது பலருடைய வழக்கம். இரண்டாம் நாள் நள்ளிரவுக்குப் பின் எங்கள் பக்கத்தில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தினரின் கூடாரம் அவ்வாறே சரிந்தது. நல்லவேளையாக ஒருவருக்கும் காயமில்லை. அவர்களுடைய குழந்தைகள் இருவரை என் அன்னையார் உள்ளே அழைத்துத் தம் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். ஆக, அன்றிரவு எங்கள் கூடாரத்தில் மெய்யாகவே எட்டுப் பேர் உறங்கினோம். ஒருவர் புரண்டால் அனைவரும் புரள வேண்டியதாயிற்று!

அடுத்தது ஈரம். முதல் நாள் குளிருக்கு அஞ்சி மைத்துனர் காற்றுத் துவாரங்கள் யாவற்றையும் மூடிவிட்டார். விடியலில் கூரையின் உட்புறத்திலிருந்து நீர் சொட்டியது. கூடாரம் ஒழுகுகிறது என்றே அனைவரும் எண்ணினர். உண்மையில் அது நமது மூச்சுதான். உறங்கும் ஒருவர் ஓர் இரவில் ஏறத்தாழக் கால் லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். அறுவர் என்றால் ஒன்றரை லிட்டர். அது குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. மறுநாள் மேலுள்ள துவாரங்களைத் திறந்து வைத்தோம். ஈரம் பெரிதும் குறைந்தது. நீரோரத்துப் பள்ளத்தில் குளிர்காற்றும் பனியும் தங்குமாதலால், சற்று மேடான இடமே உத்தமம்.

இப்பகுதியில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இனி வருகிறது. இரவு சமையல் முடிந்ததும் வெளியே குமுட்டி அடுப்பில் கனல் மிஞ்சியிருந்தது. “ஏண்டா, அதை உள்ளே கொண்டுவந்து வைத்தால் குழந்தைகளுக்குக் கதகதப்பாயிருக்குமே! பிள்ளை பெற்றவள் அறையில் நாம் வைப்பதில்லையா?” என்றார் அன்னையார். “அம்மா, நம் ஓட்டு வீட்டில் இடுக்கு வழியே புகை போய்விடும். இந்தத் துணி எதையும் வெளியே விடாது” என்று கூறித் தடுத்தேன். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. உறங்குபவர் விழிக்காமலே உயிர் போகும். வடநாட்டில் குளிர்காலந்தோறும் மூடிய அறைகளில் கரியடுப்பு வைத்து மாண்டவர்களைப் பற்றிய செய்தி வருகிறது. அறையினும் கூடாரம் சிறியது. கனல் சாம்பல் பூத்து அணைந்தாற்போல் தோன்றினாலும் உள்ளே வைத்தல் ஆகாது. எரிவாயு அடுப்புக்கும் இதே விதி. துவாரம் திறந்திருக்கிறதே என்னும் தைரியமும் வேண்டாம்.

குளிருக்கு வேறு வழிகள் உண்டு. குளிர் பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுவதால், மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது அதிகமாயிருக்க வேண்டும். பாயின் மேல் இரண்டு ஜமக்காளங்களை விரித்தோம். ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி அன்னையாரின் காலடியில் வைத்தோம். “குமுட்டியைவிட இது சுகமடா” என்று அவரே கூறினார்.

திரும்பியதும் கூடாரத்தை மொட்டைமாடியில் நிழலாகப் பார்த்து விரித்து, நன்கு உலர்த்தியே மடிக்க வேண்டும்; ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

முடிவாக: நான்கு பேர் குடும்பத்துக்கு எட்டுப் பேர் கூடாரம் அதிகம், முதியவரோடு ஐவர் அறுவர் செல்வதாயின் அதுவே பொருத்தம். முதன்முறை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி முறைவைத்துக் கொள்வதும் சிக்கனம். குமுட்டி மட்டும் என்றும் வாசலுக்கு வெளியிலேயே இருக்கட்டும்.