மாமாவுக்கு ஒரு மாத்திரை

பிரிஞ்சாங்கில் நல்ல குளிர். தேநீரை ஆற்றிக்கொண்டே அத்தை கேட்டார்: "ஏன் தம்பி, குடியை விட மாத்திரை இருக்காமே. இந்த நம்பர் எழுதுறதுக்கு இல்லையா?"

வானொலியில் பேசுபவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அத்தையின் நம்பிக்கை. எனக்குத் தெரியவில்லை.

மாமா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்தவர். குடிக்க மாட்டார். ஆனால் புதன், சனி, ஞாயிறு குலுக்கல் நாளென்றால் சோறு இறங்காது. கனவில் பாம்பு வந்தாலும் நம்பர், சாலையில் விபத்து என்றாலும் அந்தக் கார் நம்பர். இப்போது கைப்பேசியிலும் ஆட்டம். முதலில் அத்தையின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. அடுத்து, தங்கச்சியின் படிப்புக்குச் சேர்த்த பணம். போன மாதம் வட்டிக்காரன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான்.

நாங்கள் சொல்லாத புத்தியில்லை. கோயிலில் சத்தியம் வாங்கினோம். கடனைக்கூட ஒருமுறை அடைத்தோம். மூன்று மாதம் தாங்கவில்லை.

கோலாலம்பூர் திரும்பியதும் மனநல மருத்துவர் ஒருவரிடம் கேட்டேன். "மருந்து இருக்கிறது. முதலில் இது நோய் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் சூதாட்ட வெறியை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே வரிசையில் சேர்த்தது. இன்னொன்று கேளுங்கள். பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல் போன்ற மாத்திரைகளால், அதுவரை சூதாடாத சிலருக்கும் அந்த வெறி வந்திருக்கிறது. மருந்தைக் குறைத்ததும் அடங்கியிருக்கிறது. (வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.) ஒரு மாத்திரையால் வரக்கூடிய வெறியை, வெறும் கெட்ட புத்தி என்று எப்படிச் சொல்வது?

அத்தை கேட்ட மாத்திரையின் பெயர் நால்ட்ரெக்சோன். குடிப்பழக்கத்துக்காக 1994இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜெயிக்கும்போது மூளையில் ஏறும் கிறக்கத்தை இது மட்டுப்படுத்துகிறது. சூதில் வரும் வெற்றி, மீன் விழுங்கும் தூண்டில் இரை என்றார் வள்ளுவர். அந்த இரையின் ருசியைத்தான் இது குறைக்கிறது. 2001இல் வெளியான மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது.

ஆனால் எல்லாருக்கும் பலிப்பதில்லை. சூதாட்டத்துக்கென்று தனி அனுமதியும் அமெரிக்காவில் இதற்கு இல்லை. மருத்துவர் ஆளைப் பார்த்துத்தான் எழுதித் தருவார். கல்லீரலைப் பரிசோதிக்க வேண்டும். மார்பின் போன்ற வலி மருந்து எடுப்பவர்களுக்கு ஆகவே ஆகாது. கூடவே ஆலோசனைச் சிகிச்சையும் வேண்டும். மாத்திரை கடனை அடைக்காது, அடகை மீட்காது. வங்கி அட்டை கொஞ்ச காலம் அத்தை கையில்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் போனில் சொன்னேன். அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அவருக்குச் சீக்குதானா?" என்றார். இத்தனை வருடக் கோபம் அந்தக் குரலில் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அடுத்த வாரம் மாமாவைத் தானா ராத்தாவில் மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். வருகிறேன் என்றிருக்கிறார். அன்று புதன்கிழமை. அதனால் நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு மலையேறுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு மாமா இருந்தால், சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள். சத்தியம் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.