கூட்டினதை முதலில் குறையுங்கள்

"மகனின் கணனி விளையாடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனால் பழுதில்லை என்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே கதை. கடையை மாற்றுவதா, கணனியை மாற்றுவதா?" என்று வாசகச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்.

மத்ரஸாவில் பாடம் நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் சகோதரிகளே, இதற்கு எனக்குப் பதில் தெரியும். போன வருடம் எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. அதனால் ஒரு கடைக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்கவும் வேண்டி வந்தது.

என் இரண்டாவது மகன் உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு, மாமா கட்டாரிலிருந்து அனுப்பிய சல்லியில் விளையாட்டுக் கணனி ஒன்றை வாங்கினார். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு திரை நீலமாகி நிற்கத் தொடங்கியது. சில நாள் ஒரு மணித்தியாலத்தில், சில நாள் பத்தே நிமிடத்தில். இரண்டு தரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டு தரமும் நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்து, "ஒரு பழுதும் இல்லை" என்றார்கள். வீட்டுக்கு வந்த அன்று இரவே மறுபடி நின்றது. மூன்றாம் தரம், மற்ற வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, பாவித்த சாமானைப் புதிது என்று விற்றுவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கடைக்காரத் தம்பி முகம் கறுத்துப்போனாலும் குரலை உயர்த்தவில்லை. "ஹஸ்ரத், கோவிக்க வேணாம். மகன் பயோஸுக்குள்ள போய் ஏதும் கூட்டியிருக்காரா? நாங்க பெட்டி வந்ததும் செட்டிங் எல்லாத்தையும் பழைய கணக்குக்கு மாத்திப்போட்டுத்தான் செக் பண்ணுவோம். அதான் இங்க ஓடுது" என்றார்.

வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டேன். "கொஞ்சம்தான் வாப்பா" என்றார். அந்தக் கொஞ்சம் மூன்று இடத்தில் இருந்தது. புரோசஸரில், ரேமில், கிராபிக்ஸ் கார்டில்.

இதற்கு ஓவர்குளொக்கிங் என்று பெயர். புரோசஸருக்கு ஒரு தாளம் உண்டு. அடிப்படைத் தாளம் 100 மெகாஹேர்ட்ஸ்; அதை 42ஆல் பெருக்கினால் 4200. மகன் அந்த 42ஐ 47 ஆக்கியிருந்தார். வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூட்டிக் கொடுக்க வேண்டும். இங்கேதான் கணக்கு பிழைக்கிறது. அதே வேகத்தில் அழுத்தத்தை மட்டும் நூற்றுக்கு 10 கூட்டினாலே சூடு ஏறக்குறைய 21 கூடும். வேகமும் கூடினால் அதற்கு மேலே.

என் மனைவி வீட்டில் தைத்துக் கொடுப்பவர். அவருக்கு நான் விளக்கிய விதமே உங்களுக்கும் போதும். தையல் மெஷினை அதன் அளவுக்கு மிஞ்சி ஓட்டினால் மெஷின் உடனே நின்றுவிடுவதில்லை. இடையிடையே தையல் விட்டுப்போகிறது. கணனியும் அப்படித்தான். எல்லாப் பிழையிலும் நிற்காது. நிற்காமலே பிழையான கணக்கைப் போட்டு, அதை அப்படியே சேமித்தும் வைக்கும். மனைவியின் ஓர்டர் கணக்கும் அளவுகளும் அதே கணனியில்தான் இருந்தன. ஒரு நாள் அந்தக் கோப்பைத் திறந்தபோது எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் வந்தன. விளையாட்டு நின்றால் மகனுக்குத்தான் நட்டம் என்று நான் எண்ணியிருந்தது எவ்வளவு பிழை என்பது அன்றுதான் விளங்கியது.

ஆகவே, கேள்வி கேட்ட சகோதரிக்கு. கடையை மாற்ற முன்னர் மகனை அருகில் இருத்தி, "எதையெல்லாம் கூட்டினீங்க மகன்?" என்று கேளுங்கள். அதட்ட வேண்டாம், அதட்டினால் ஒன்றைச் சொல்லி இரண்டை மறைப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கணனியைப் போடும்போது டிலீட் அல்லது எஃப் 2 விசையை அழுத்தினால் பெரும்பாலும் பயோஸ் திறக்கும். அதில் 'டிபோல்ட்' என்ற சொல் வரும் இடத்தைத் தெரிவு செய்தால் போதும். திரையே வராவிட்டால், பிளக்கைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற வட்டப் பெட்டரியைச் சில நிமிடம் எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். கிராபிக்ஸ் கார்டைக் கூட்டுவது பெரும்பாலும் விண்டோஸுக்குள் ஒரு மென்பொருளில்தான். அதையும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

அப்படியே இரண்டு நாள் ஓடட்டும். பழைய நிலையிலும் நின்றால் பழுது வேறு இடத்தில். மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை, அடைபட்ட தூசி, காய்ந்துபோன பசை என்று தேடலாம். பழைய நிலையில் ஓடினால் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று ஒருபோதும் தெரியாது.

எங்கள் வீட்டில் குற்றவாளி ரேம். பெட்டியில் 3600 என்று எழுதியிருந்தாலும், எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் போடும்வரை அது குறைந்த வேகத்தில்தான் ஓடும். அதைப் போடுவதும் ஒருவகை ஓவர்குளொக்கிங்தான். மகன் சோடியாக வாங்கிய இரண்டோடு கூட்டாளியிடம் வாங்கிய வேறு இரண்டையும் சேர்த்து, நான்கையும் 3600இல் ஓடவிட்டிருந்தார். மெம்டெஸ்ட்86 என்ற சோதனையைப் பென்டிரைவில் போட்டு இரவு ஓடவிட்டோம். காலையில் திரை முழுக்கப் பிழைகள். அந்தச் சோதனையில் ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். இரண்டிரண்டாகச் சோதித்தால் பிழையே இல்லை. நான்கையும் 3200க்குக் குறைத்தபோதும் இல்லை. எந்தத் துண்டும் பழுதல்ல. கலந்து ஓட்டியதுதான் பழுது.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் பகல் இரண்டு மணிக்கு விளையாடினால் மட்டும் கணனி தடக்கியது. இந்த இடத்தை எங்கள் பிள்ளைகள் யோசிப்பதில்லை. அவர்கள் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்களில் பலவும் 20 பாகை அளவு குளிர்ந்த அறையில் எடுத்தவை. எங்கள் அஸ்பெஸ்டஸ் கூரை அறை பகலில் 33 பாகை. அந்த 13ஐயும் புரோசஸரின் சூட்டோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே 85இல் நிற்பது இங்கே 98க்குப் போகும். ஏறக்குறைய 100இல் புரோசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 47 திரும்ப 42 ஆனது. விளையாட்டில் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "தெரியல்ல வாப்பா" என்றார்.

எல்லாமே பிள்ளைகளின் வேலைதான் என்று நான் சொல்ல வரவில்லை. இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணனிப் புரோசஸர்கள் சிலவற்றில், யாரும் எதையும் கூட்டாமலே விளையாட்டுகள் நின்றன. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தம் போனது ஒரு காரணம் என்று அந்நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, பயோஸுக்கான திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே பழுதான புரோசஸரை அந்தத் திருத்தம் குணமாக்காது. மாற்றித்தான் எடுக்க வேண்டும். உங்கள் மகனுடையது அந்த வகை என்றால் முதலில் பயோஸைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். ஆனால் கரண்ட் போகும் நேரத்தில் வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே எழும்பாமல் போகலாம்.

மறுநாள் அசருக்குப் பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே ஆட்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று அவர்கள் முன்னிலையிலேயே சொன்னேன். "பரவாயில்ல ஹஸ்ரத், மாசத்துக்கு நாலஞ்சு பேர் இப்படி வாராங்க" என்று அந்தத் தம்பி சிரித்துவிட்டு, மகனிடம் ரேமைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

மனைவியின் கோப்பு மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. ஓர்டர் கொடுத்தவர்களின் வீடு வீடாகப் போய் மறுபடி அளவெடுத்தார். இப்போது கணக்கை சி.ஆர். கொப்பியில்தான் எழுதுகிறார்.