கழிவைத் தாங்கும் கரைகள்

அரபு வரலாற்றைப் பயின்றோர் யமன் நாட்டு மஆரிப் அணையை மறந்திருக்க முடியாது. கரை பழுதுற்றது; ஆறாம் நூற்றாண்டில் இறுதியாக உடைந்தது; செழித்திருந்த நிலம் பாழாயிற்று. ஆயினும் அங்கே பாய்ந்தது நீர், நீர் வடிந்துவிடும். சுரங்கக் கழிவைத் தேக்கும் அணை உடைந்தாலோ வருவது நச்சுச் சேறு. அது ஆற்றிலும் வயலிலும் தங்கிவிடுகிறது.

பிரேசில் நாட்டுப் புருமாதின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று இத்தகைய அணையொன்று உடைந்து 270 பேர் மாண்டனர். தொழிலாளரின் உணவுக்கூடம் அணைக்குக் கீழேயே இருந்தது. உண்ணச் சென்றோர் பலர் மீளவில்லை. படிந்த கழிவின் மீதே படிப்படியாக உயர்த்தப்பட்ட கரை அது. உள்ளே நீர் தேங்கியிருந்ததால், திடமாய்த் தோன்றியது கணப்பொழுதில் குழம்பாகி ஓடிற்று. அவ்வணை உறுதியானதென்று முந்தைய ஆண்டுதான் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. சான்றளித்தோருக்குக் கூலி கொடுத்தவர் யார்? அணையின் உடைமையாளரே! வாதியிடம் கூலி பெறுபவர் நீதிபதியாக அமரலாமா?

“அது பிரேசில், இங்கே சுரங்கமே இல்லையே” என்பார் உளர். சுரங்கம் இல்லை, ஆனால் கழிவு உண்டு. 1979 முதல் தூத்துக்குடி அனல் மின் நிலையம் எரித்த நிலக்கரியின் சாம்பல், கரை கட்டிய குட்டைகளில் கடலோரத்தில் சேர்ந்தது. உப்பாற்றோரம் தாமிரக் கசடு குவிக்கப்பட்ட செய்தி நீதிமன்றம் வரை சென்றது. சாம்பல்தானே என்று அலட்சியம் வேண்டா. மத்தியப் பிரதேசத்துச் சிங்க்ரௌலியில் 2020 ஏப்ரல் 10 அன்று சாம்பல் குட்டையின் கரை உடைந்து ஆறு உயிர்கள் பறிபோயின.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நாம் கேட்பது ஒரே பல்லவி: “எதிர்பாராத மழை, யாரை நோவது?” இப்பல்லவி இனி நம் கரையில் செல்லாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததை நம் பிள்ளைகளும் கண்டனர். அந்நாளுக்குப் பின் எந்த மழையும் எதிர்பாராததன்று. பழைய மழைக் கணக்கை நம்பிக் கட்டிய கரைகளைப் புதிய கணக்கால் அளந்து பார்ப்பதே அறிவுடைமை.

ஆபத்தை ஆராயச் சொல்வோரைத் தொழிலின் பகைவர் என்பது வீண்பழி. நாம் ஆலைகளை மூடச் சொல்லவில்லை. கணக்கைத் திறக்கச் சொல்கிறோம். கரையின் உயரம் என்ன? உள்ளே நீர்மட்டம் எவ்வளவு? உடைந்தால் சேறு எந்தத் தெருவை எத்தனை நிமிடத்தில் அடையும்? உடைமையாளரிடம் கூலி பெறாத வல்லுநர் இவற்றை ஆராய வேண்டும். முடிவு தமிழில், ஊரார் படிக்குமாறு வெளிவர வேண்டும். 2020இல் வகுக்கப்பட்ட உலகத் தர விதிகளும் சுரங்கக் கழிவு அணைகளைப் பற்றிய செய்திகளைப் பொதுமக்களுக்கு வெளியிடவே சொல்கின்றன.

நம் முன்னோர் மூழ்கி முத்தெடுத்த கடல் இது. அம்முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. எஞ்சிய கடலும் கரையும் நம் கையில் உள்ள அமானிதம். உடைந்தபின் அழுவது எளிது. உடையுமுன் கேட்பதே கடமை.