பாத்திரங்களின் வாயைப் பொத்தாதீர்கள்

சிறுகதைப் போட்டி நடுவர்களிடமும், இலக்கியப் பக்கங்களைச் செம்மைப்படுத்துவோரிடமும் சில கேள்விகளைக் கேட்டேயாக வேண்டியுள்ளது.

கரு, பாத்திரம், களம், உரையாடல், நோக்குநிலை, முடிவு எனச் சிறுகதையின் கூறுகளைப் பட்டியலிடுவது நமக்குப் பழக்கமானதே. ஆசிரியர் கலாசாலையில் நானும் அப்படித்தான் படித்தேன். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுக்கிறேன். பட்டியலில் பிழையில்லை. அதனைப் புள்ளித் திட்டமாக்கி, கூறுக்குக் கூறு தனித்தனியே புள்ளி போடுவதுதான் பிழை. உரையாடலை மாற்றினால் பாத்திரம் மாறிவிடும்; பாத்திரம் மாறினால் களம் பொய்யாகிவிடும்.

என்னிடம் படித்த மாணவியொருத்தி கரைவலைத் தொழிலாளி ஒருவரின் வீட்டைக் கதையாக்கினாள். "வாப்பா மௌத்தாப் போயிட்டாரு" என்று மகள் கதறும் இடம் அதில் வருகிறது. கதை அச்சானபோது அந்த மகள், "தந்தையார் காலமாகிவிட்டார்" என்று கதறினாள். இறுதியில் பொறுமையின் சிறப்புப் பற்றி ஒரு பந்தியும் புதிதாக முளைத்திருந்தது. "இது என்ட கதை இல்ல சேர்" என்றாள் மாணவி. அதன்பின் அவள் எழுதவேயில்லை. திருத்தியவர் எதனைத் திருத்தினார்? எழுத்துப் பிழையையா, ஒரு சமூகம் அழுகின்ற விதத்தையா?

பேச்சு வழக்கு கொச்சை என்பார்கள். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கியத்தில் நடந்த மரபுப் போராட்டத்தில், 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் பழித்ததற்கு முற்போக்கு எழுத்தாளர்கள் அன்றே பதில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பழைய வாதத்தை நம்மவரே நம்மவர்மீது ஏவலாமா?

வெளியூர் வாசகருக்கு விளங்காது என்பது அடுத்த வாதம். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' 1988இல் கன்னியாகுமரிக் கடலோர முஸ்லிம்களின் பேச்சோடு வந்தது. நாம் வாசித்து விளங்கிக் கொள்ளவில்லையா? அவரது 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றபோது பெருமைப்பட்டோமே! திக்குவல்லை கமால் தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சை எழுதினார். கிழக்கிலிருக்கும் எனக்கு அது விளங்கியது.

நாலு வட்டாரச் சொற்களைத் தூவினால் கதையாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பரீட்சைக் கட்டுரையில் பேச்சு வழக்கு வந்தால் நானும் சிவப்பு மையால் கோடிடுபவன்தான். ஆனால், கதை பரீட்சைக் கட்டுரையல்ல. யார், எங்கே, எந்த நிலையில் பேசுகிறார் என்பதே அங்கு இலக்கணம்.

கதைக்குப் படிப்பினை வேண்டாமா என்று கேட்பவர்களும் உளர். அறிவுரை சொல்ல நமக்கு வெள்ளிக்கிழமை குத்பா இருக்கிறது. பிரச்சினையைத் தீர்த்து வைப்பது வேறு, அதனைச் சரியாக முன்வைப்பது வேறு. பின்னையதே கலைஞனின் கடமை என 1888இல் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில் செக்கோவ் தெளிவுபடுத்தினார். வாப்பாவை இழந்த வீட்டில் நாளைக்கு அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வியோடு என் மாணவி கதையை நிறுத்தியிருந்தாள். ஒட்டுப்போட்ட அந்தப் பந்தி, வாசகர் சுமக்க வேண்டிய கேள்வியை இறக்கி வைத்துவிட்டது.

கதை பிடிக்கவில்லையா, திருப்பி அனுப்புங்கள். குறையிருக்கிறதா, எழுதியவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், நன்றி சொல்வோம். ஆனால், எங்கள் உம்மாமாரையும் ராத்தாமாரையும் பாடப்புத்தகத் தமிழில் அழ வைக்கும் உரிமையை உங்களுக்கு யாரும் தரவில்லை.