மிளகுக்கொடியும் ஒப்பந்த மேசையும்

தெற்காசிய ஒருமைப்பாடு பற்றி நம்மவர்கள் கருத்தரங்குகளில் பேசக் கேட்கும்போது எனக்குச் சினம்தான் வருகிறது. ஐரோப்பா ஒன்றாகிவிட்டது, ஆசியான் வளர்ந்துவிட்டது, நாம் மட்டும் பின்தங்கிவிட்டோம் என்பது அவர்களது வழமையான ஒப்பாரி. மறுபுறத்தில், இந்தியாவுடன் எந்த ஒப்பந்தம் என்றாலும் இறைமை பறிபோகிறது என்று கொடி பிடிக்கும் கூட்டம். இந்த இரு சாராரும் அக்குறணையிலோ உக்குவெலையிலோ ஒரு மிளகுத் தோட்டத்துக்குள் கால் வைத்தவர்களாகத் தெரியவில்லை.

எமது கண்டிப் பிரதேச முஸ்லிம்களுக்குப் பிராந்திய வர்த்தகம் புதிதல்ல. தவளம் மாடுகளில் கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் மலையேற்றி, இங்கிருந்து பாக்கையும் மிளகையும் இறக்கியவர்கள் நமது மூத்தவர்கள். அந்தப் பாக்கு கடல் கடந்து தென்னிந்தியா போனது. அதற்குச் செயலகமும் இருக்கவில்லை, உச்சி மாநாடும் இருக்கவில்லை. பொருளை விளைவித்தவனும் சுமந்தவனும் விலையை நேரில் பேசிக்கொண்டார்கள்.

இன்று நிலைமை என்ன? இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 'சாப்டா' எனப்படும் தெற்காசிய சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 2004இல் இஸ்லாமாபாத்தில் கைச்சாத்தாகி 2006இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு மிளகுக்கு இந்தியா விதித்த தீர்வை 70 வீதம். இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 தொன் வரை தீர்வையின்றிப் போகலாம். அதற்கு மேல் சாப்டாவின் கீழ் 8 வீதம்தான். கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 70க்கும் 8க்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில்தான் கொள்ளை நடந்தது. வியட்நாம் மிளகு கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து, இலங்கையில் விளைந்தது என்று சான்றிதழ் பெற்று இந்தியாவுக்குப் போனது. இதில் ஈடுபட்டவர்கள் எந்த இனத்தவர் என்று ஆராய்வது வீண் வேலை. இலாபத்துக்கு இனம் ஏது?

இடுக்கியிலும் வயநாட்டிலும் உள்ள மிளகுச் செய்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களது கோபத்தில் நியாயம் இருந்தது. 2017 டிசம்பரில் இந்தியா, கிலோ 500 இந்திய ரூபாவுக்குக் குறைந்த மிளகு உள்ளே வரக்கூடாது என்று விதித்தது. அதனால் வியட்நாம் மிளகுக்கு மட்டுமல்ல, அந்த விலைக்குக் கீழிருந்த எமது சொந்த மிளகுக்கும் கதவு அடைபட்டது. மீளேற்றுமதிக்காக மிளகு கொண்டுவருவதை இலங்கை 2019 டிசம்பரில்தான் தடைசெய்தது. திருடியவன் பணத்தை எண்ணிக்கொண்டு போய்விட்டான். தண்டம் கட்டியவன் மாத்தளையில் அரை ஏக்கர் வைத்திருப்பவன்.

அக்குறணையில் எனக்குத் தெரிந்த ஒரு நானா, முற்றத்துப் பாயில் மிளகைக் காயப்போட்டபடி என்னிடம் கேட்டார்: "தம்பி, என்ட மொளகுக்கு சேட்டிபிகேட் குடுக்கிறது ஆரு? அந்தாள் எப்பயாவது இந்தப் பாயைப் பார்த்திருக்கா?" எனக்குப் பதில் வரவில்லை.

இதே கதை வனஸ்பதியிலும் நடந்தது. இந்திய முதலாளிகளே இங்கு வந்து ஆலை போட்டார்கள். இறக்குமதிப் பாமாயிலைப் பதப்படுத்தித் தமது நாட்டுக்கே ஏற்றினார்கள். ஏற்றுமதிப் புள்ளிவிபரம் உயர்ந்தது, அமைச்சர்கள் மார்தட்டினார்கள். டில்லி 250,000 தொன் என்று வரம்பு போட்டதும் ஆலைகள் படுத்துவிட்டன.

இவற்றையெல்லாம் முறையிட ஓர் இடம் வேண்டாமா? சார்க் இருக்கிறதே என்பார்கள். 1985இல் டாக்காவில் அது பிறந்தபோதே, சாசனத்தில் இருதரப்புப் பிணக்குகளைப் பேசக்கூடாது, முடிவுகள் எல்லாம் ஏகமனதாக இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். உறவினர் கூடும் வீட்டில் காணித் தகராறு பற்றி மட்டும் வாய் திறக்கக்கூடாது என்பது போல! இறுதியாக உச்சி மாநாடு கூடியது 2014இல், காத்மண்டுவில். 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்தது இந்திய - பாகிஸ்தான் பகையில் நின்றுபோனது. ஐரோப்பாவை உதாரணம் காட்டுவோர் ஒன்றை மறைக்கிறார்கள். 1973இல் அயர்லாந்தும் பிரித்தானியாவும் சேர்ந்த கையோடு, 1975இல் பின்தங்கிய பிரதேசங்களுக்கென்றே ஒரு நிதியம் அங்கே உருவாகிவிட்டது.

ஒன்றிணைவு என்றால் என்ன என்பதைக் கண்டி அனுபவித்தே அறிந்திருக்கிறது. 1815 மார்ச் 2ஆந் திகதி மகுல் மடுவவில் பிரதானிகள் கையொப்பமிட்டார்கள். உரிமைகளும் வழமைகளும் காக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. மூன்றரை ஆண்டு கழித்து, 1818 நவம்பரில், ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய கையோடு ஒரு பிரகடனத்தால் அந்த வாக்குறுதிகள் வெட்டிக் குறைக்கப்பட்டன. 1833இல் கண்டியின் தனி நிருவாகமும் போனது. கண்டியத் தலைவர்கள் 1927இல் டொனமூர் ஆணைக்குழு முன் சமஷ்டி கேட்டார்கள் என்பதை இன்று சமஷ்டி என்ற சொல்லுக்கே அலறுவோர் நினைத்துப் பார்ப்பதில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் இந்த மலைகளில் வாழ்ந்த 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோதும் அந்த மக்களை எவரும் கேட்கவில்லை.

எழுத்தாளர்களாகிய நாமும் இதற்கு வெளியே இல்லை. கண்டிப் புத்தகக் கடைகளில் சென்னை நூல்கள் தட்டு நிறைய அடுக்கிக் கிடக்கின்றன. நாம் கைக்காசு போட்டு அச்சிட்ட 500 பிரதிகளில் எத்தனை சென்னைக் கடைத் தட்டில் ஏறுகிறது? 1970களின் முற்பகுதியில் தமிழகச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது நமது வெளியீடுகளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. 1977க்குப் பிறகு அதுவும் போனது. அந்தக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. வாசிப்புக்கு வேலி போடுவது எனக்கு உடன்பாடானதல்ல. வழி இருபுறமும் திறக்கட்டும் என்கிறேன்.

'எட்கா' பேச்சுவார்த்தை 2016இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மீண்டும் ஆரம்பித்தது. அதே 2023இல் இலங்கை ஆசியான் நாடுகளையும் சீனாவையும் உள்ளடக்கிய பெரும் வர்த்தகக் கூட்டிலும் சேர விண்ணப்பித்தது. சேரட்டும். நான் எதிர்ப்பவனல்ல. ஆனால் கைச்சாத்திடுமுன் வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு மாத்தளைக்கும் கலகெதரைக்கும் அனுப்புங்கள். எங்கே விளைந்தது என்ற சான்றிதழை யார், எதைப் பார்த்துக் கொடுப்பது என்ற பந்தியை மிளகு காயவைப்பவர்கள் முன் வாசித்துக் காட்டுங்கள். அந்த நானாவையும் கூப்பிடுங்கள். அவர் தனது பாயையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவார்.