முதல் பெட்டி



டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் ஒரு கேள்வி போனில் சுற்றிச் சுற்றி வரும். “இந்த வருஷம் மொதப் பெட்டி யார் வீட்டுக்கு?” சென்னையிலிருந்து பெரியப்பா மகள் கேட்பாள். பெங்களூரிலிருந்து அத்தை மகன் கேட்பான். குவைத்தில் இருக்கும் தம்பியும் கேட்பான். ஊரில் இருக்கும் சித்தி உடனே சொல்லிவிட மாட்டாள். “இன்னும் நாள் கெடக்குலா, பாப்போம்” என்பாள். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் மெஞ்ஞானபுரத்துப் பக்கம். மொட்டை மாடியில் ஏறி நின்றால் பனை உச்சிகளுக்கு மேலே பரிசுத்த பவுலின் ஆலயக் கோபுரம் தெரியும். மிஷனெரி ஜான் தாமஸ் ஐயர் இந்தச் செம்மண் பூமியில் எழுப்பிய கோயில் அது. கோபுரம் 192 அடி. கிறிஸ்மஸுக்கு ஊர் திரும்புகிற ஒவ்வொருவருக்கும் அதுதான் அடையாளம். பஸ் ஜன்னலில் கோபுரம் தெரிந்ததும் பிள்ளைகள் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்ளும். தாத்தா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். தாத்தா ஆச்சிக்கு ஒன்பது பிள்ளைகள். இப்போது நான்கு தலைமுறையும் கூடினால் நாற்பத்தேழு பேர். பந்திப்பாய் விரித்தால் முற்றத்தில் மூன்று வரிசை.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்மஸ் என்றால் முந்திரிக்கொத்து. பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது பாசிப்பயறு. வாசம் வரும்வரை வறுத்து, தோல் போகப் புடைத்து, கொஞ்சம் நறநறவென்று திரிக்க வேண்டும். வறுத்த தேங்காய்த் துருவல், எள், சுக்கு, ஏலக்காய் சேர்த்து அதன் தலையில் கொதிக்கும் கருப்பட்டிப் பாகை ஊற்றுவாள் சித்தி. ஆறிவிட்டால் மாவு உதிர்ந்துவிடும். அதனால் உள்ளங்கை சிவக்கச் சிவக்கச் சூட்டோடு உருட்ட வேண்டும். ஒரு ஆள் உருட்டி முடியாது. மைனிமார், அத்தைமார், கல்யாணமாகி வந்த புதுப்பெண் எல்லோரும் கடவப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, கையை ஊதி ஊதி உருட்டுவார்கள். மறுநாள் உருண்டைகள் இறுகியதும் மஞ்சள் கலந்த பச்சரிசி மாவில் முக்கி, மூன்று மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் விட வேண்டும். மூன்றும் ஒட்டிக்கொண்டு வெந்து வரும். ஒற்றை உருண்டையாகப் போட்டால் ஆச்சிக்குப் பிடிக்காது. “இது என்னத்துக்கு அநாதையா மெதக்கு?” என்று கரண்டியால் தள்ளிக்கொண்டுபோய் இன்னொன்றோடு சேர்த்துவிடுவாள்.

அந்தக் கருப்பட்டிக்கும் ஒரு கதை உண்டு. பதநீர் காலம் கோடையோடு முடிந்துவிடும். அப்போது வாங்கியதைக் கிறிஸ்மஸ் வரை காப்பாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கருப்பட்டி கசிந்து உருகிவிடும். அதனால் அடுப்புக்கு மேலே பரணில் ஓலைப்பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். தினமும் அடுப்புப் புகை பட்டுப் பட்டு அது ஈரம் இழுக்காமல் இருக்கும்.

முதல் ஈடு வெந்து இறங்கியதும் அடுக்களை வாசலில் பிள்ளைகள் கையேந்தி நிற்போம். ஆச்சி தர மாட்டாள். சின்ன ஓலைப்பெட்டி ஒன்றில் வாழையிலைத் துண்டு போட்டு, முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அடுக்கி, மூடி, என் கையில் கொடுப்பாள். “ஏல, இதக் கொண்டு குடுத்துட்டு வா. மொதப் பெட்டி வெளியே போயிட்டு வரட்டும், அப்பறம் நாம திங்கலாம்.”

அந்தப் பெட்டி எங்கே போகும் என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். புதுத்துணியும் இல்லை, வாசலில் நட்சத்திரமும் இல்லை. தெருவே பலகார வாசத்தில் மிதக்கும்போது அந்த ஒரு அடுப்பு மட்டும் சும்மா கிடக்கும். முதல் பெட்டி அங்கேதான் போகும். அது எந்தச் சாமி கும்பிடுகிற வீடு என்ற பேச்சே கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்து வீட்டுக்காரர்கள் எங்களுக்கும் அப்படித்தான். அதன் பிறகு பனையேறுகிறவர் வீடு, ஆலய வேலை பார்க்கிற கோயில்குட்டியார் வீடு, தனியாக இருக்கிற வயசாளிகள் வீடு. போன பெட்டி எதுவும் வெறும் பெட்டியாகத் திரும்பாது. ஒன்றும் இல்லாத வீட்டிலும் ஒரு கை சீனியோ நாலு முருங்கைக்காயோ போட்டுத்தான் தருவார்கள்.

1986 அக்டோபரில் தாத்தா இறந்துபோனார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அந்த டிசம்பரில் எங்கள் அடுப்பு சும்மா கிடந்தது. ஆச்சி வெள்ளைச் சேலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஊரெல்லாம் நட்சத்திரம் எரிய, எங்கள் வீட்டு மூங்கில் சிம்பு நட்சத்திரம் பழைய தாள் கிழிந்து மாட்டுத் தொழுவத்தில் தொங்கியது. இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் முதல் ஓலைப்பெட்டி வந்தது. இருட்டுவதற்குள் திண்ணை நிறைந்துவிட்டது. கடைசியாக ஒரு சைக்கிள் வந்து நின்றது. காயல்பட்டினத்திலிருந்து துணி கொண்டுவந்து விற்கிற பாய். தாத்தா வருஷா வருஷம் அவரிடம்தான் ஒரே தானில் துணி எடுப்பார். பையன்களுக்கெல்லாம் சட்டை, பெண்பிள்ளைகளுக்கெல்லாம் பாவாடை, மிச்சம் பிடித்து வைக்கிற மூன்று மீட்டர் கோயில்குட்டியார் பிள்ளைகளுக்கு. அந்த வருஷம் நாங்கள் துணி எடுக்க மாட்டோம் என்று பாய்க்குத் தெரியும். இருந்தும் அத்தனை தூரம் மிதித்து வந்து ஒரு டப்பா அல்வாவை ஆச்சி பக்கத்தில் வைத்தார். “வாத்தியார் இல்லாத வீடும் நம்ம வீடுதாம்மா” என்றார். அதுவரை அழாதிருந்த ஆச்சி அப்போதுதான் அழுதாள்.

கொடுக்கிற கையாகவே இருந்து வளர்ந்த எனக்கு வாங்கிக்கொள்வது என்றால் என்ன என்று அன்று தெரிந்தது. இன்றுவரை நான் சாப்பிட்ட எந்தப் பலகாரமும் அந்தத் திண்ணைப் பலகாரம் மாதிரி இல்லை.

ஆச்சிக்கு இன்னொரு பழக்கம் உண்டு. தினமும் உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவாள். மாதம் முடிய அது கோயிலுக்குக் காணிக்கையாகப் போகும். எங்கள் பக்கத்துச் சபைகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது இது. அதைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்து ஊரான வெள்ளாளன்விளையையும் சேர்த்துச் சொல்வாள். அங்கே 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் மக்கள் காசிலேயே நடக்கட்டும் என்பது அவர்கள் எடுத்த முடிவு. அவர் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போய், 1912 டிசம்பர் 29-ல், கிறிஸ்மஸ் முடிந்த நாலாம் நாள், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஆச்சிக்கு அந்த வருஷக் கணக்கெல்லாம் தெரியாது. “நம்ம பக்கத்து ஏழைபாழ கொடுத்த காசுலதான் அந்தச் சங்கமே நடந்துச்சு, தெரியுமா?” என்பாள். அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

எங்கள் தலைமுறை சேர்த்துக்கொண்டது ஒன்றே ஒன்று. எவர்சில்வர் சொம்பில் நாற்பத்தேழு சீட்டு. யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசு தருகிற கிறிஸ்மஸ் அம்மா நாம். இருநூறு ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ஒரு வருஷம் ஏழு வயது மருமகனுக்குப் பெரியப்பாவின் பெயர் வந்தது. பெரியப்பா கண்ணாடியை வைத்த இடம் மறந்து வீடெல்லாம் தேடுகிறவர். பையன் காசே செலவழிக்கவில்லை. அம்மாவின் கம்பளி நூலை மூன்று புரியாகப் பின்னி, கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு செய்து கொடுத்தான். பெரியப்பா இன்றும் கோயிலுக்கு அதோடுதான் வருகிறார்.

2023-ஐச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. பெரியப்பா மகள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஊரிலிருந்து அரிசி, பருப்பு, துணிமணி என்று மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். சரியாக இரண்டு வாரம். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மழை தெற்கே வந்து நின்றது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷத்து மழை ஒரே நாளில் கொட்டிவிட்டது. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்டபோது, பக்கத்துப் புதுக்குடி மக்கள், தங்களைச் சுற்றியும் வெள்ளம் நிற்கும்போதே, வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். செய்தியில் அதைப் படித்தபோது, எங்கள் மண் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

எங்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறியது. திரித்து வைத்த பயற்று மாவு, பச்சரிசி மாவு, எண்ணெய் டின் எல்லாம் சேற்றோடு போயின. பரணில் இருந்த கருப்பட்டி மட்டும் தப்பியது. நான் ஊர் போய்ச் சேர இருபத்துமூன்றாம் தேதி ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து பாதிப்பேரால் வர முடியவில்லை. சித்தி நனைந்த விறகை ஊதி ஊதி ஒரு பெரிய சருவத்தில் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். வீடிழந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு. என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை. ஓலைப்பெட்டி ஒன்றைத் தூக்கி என் கையில் வைத்தாள். உள்ளே பலகாரம் இல்லை, பத்துப் பன்னிரண்டு கருப்பட்டி.

“காயல்பட்டினத்துப் பாய் மகன் வீட்டுக்குள்ள ஆள் உயரத்துக்குத் தண்ணியாம். மொதப் பெட்டி அங்க போகட்டும்.”

தாத்தா இறந்த வருஷம் அவளுக்குப் பதினேழு வயது. அந்த அல்வா டப்பாவை அவள் மறந்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் உடைந்த ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். பாய் காலமாகி வருஷங்கள் ஆகின்றன. அவர் மகன் சேற்றை வழித்துக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டுப் பெட்டியை வாங்கினார். உள்ளே போய்த் திரும்பி வந்து வெறும் பெட்டியைக் கொடுக்க மனமில்லாமல் தயங்கி நின்றார். பிறகு எங்கோ நனையாமல் கிடந்த தீப்பெட்டிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் போட்டு மூடித் தந்தார். ஊரே நனைந்து கிடந்த அந்த வாரத்தில், காய்ந்த தீப்பெட்டி.

கிறிஸ்மஸ் அன்று விடியக்காலை ஆராதனைக்குப் பழைய துணியோடு போனோம். மின்சாரம் வரவில்லை. கோயிலில் மெழுகுவர்த்திகளை அந்தத் தீக்குச்சியால்தான் ஏற்றினோம்.

இந்தத் தலையங்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே சித்தியிடமிருந்து போன். பயறு வந்துவிட்டதாம், கருப்பட்டியைப் பரணிலிருந்து இறக்கியாயிற்றாம். “உருட்ட ஆளு பத்தாது, ரெண்டு நாள் முன்னாடியே வந்துரு” என்றாள். முதல் பெட்டி யாருக்கு என்று கேட்டேன். தெற்குத் தெருவில் ஒரு வீட்டைச் சொன்னாள். ஆவணியில் அங்கே ஒரு இளம்பெண் கணவனை இழந்திருக்கிறாள், இரண்டு சின்னப்பிள்ளைகள். “நீயே கொண்டுபோ. பெட்டியக் குடுத்துட்டு ஒடனே எந்திரிச்சு வந்துராத, செத்த நேரம் இருந்து பேசிட்டு வா.”

டிக்கெட் போட்டுவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்